வட்டம், சதுரம், கோடு: சின்ன லேபலை நாமே வரைந்து கொள்ளலாம்

பாடசாலையில் கேத்திர கணிதம் படித்த காலத்தில் கொம்பாஸ் பெட்டியைத் திறக்கும் போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். நாளைக்குக் கடையில் நிற்கப் போகிறவனுக்கு வட்டமும் முக்கோணியும் எதற்கு? அரிசி நிறுக்கக் கவராயம் தேவையில்லையே! அந்தக் கேள்விக்கு விடை 2022 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதுவும் ஐயாயிரம் லேபல்களை வீணாக்கிய பிறகு.

அந்த வருடத்தை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டொலர் இல்லை. கடதாசி இறக்குமதி தடைப்பட்டது. பாடசாலைப் பரீட்சைகளைக் கூடக் கடதாசி இல்லாமல் பிற்போட்டார்கள். அச்சுக்கூலி ஏறிய வேகத்தைப் பார்த்து, எங்களது கடையில் அரைத்துப் பைக்கற் செய்கின்ற மிளகாய்த்தூளுக்கு நானே கொம்பியூட்டரில் லேபல் செய்தால் டிசைன் கூலியாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

நடுவில் ஒரு சிவப்பு வட்டம். அதற்குள் கடையின் பெயர். ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கரைக்கோடு. இவ்வளவுதான் டிசைன். ஆனால் நான் வரைந்தது சதுரமான ஒரு பக்கத்தில். லேபலோ மூன்று அங்குல நீளமும் இரண்டு அங்குல உயரமும். கடைசி நேரத்தில் படத்தின் ஓரத்தைப் பிடித்து நீளப்பாட்டுக்கு இழுத்து அளவாக்கிக் கொண்டேன். என் கண் முழுவதும் கடையின் பெயரில் இருந்தது. வட்டத்தைப் பார்க்கவில்லை.

அடித்து வந்த கட்டைப் பிரித்த மகள், "வாப்பா, இது வட்டமில்ல, முட்டை. முட்டைக் கடையெண்டு நெனப்பாங்க" என்றாள். கரைக்கோடும் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் காணாமலும் போயிருந்தது. அச்சகத்தைக் குறை சொல்ல வழியில்லை. நான் கொடுத்ததைத்தான் அவர்கள் அடித்துத் தந்தார்கள்.

அதன் பின்னர் இரண்டு வாரம், கடை பூட்டி வந்த பிறகு, மகளை ஆசிரியையாக வைத்து வட்டமும் சதுரமும் வரையப் பழகினேன். பணம் கொடுத்துப் படித்த அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் பணம் கொடுக்காமல் படித்துக் கொள்ளுங்கள்.

நான்கு உருவங்கள் போதும்

உங்கள் கடைத் தட்டை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். விலைச்சீட்டு ஒரு செவ்வகம். "புதியது" என்று ஒட்டியிருப்பது ஒரு வட்டம். விலைப் பட்டியலில் இருப்பவை கோடுகள். அபாயக் குறி ஒரு முக்கோணி. பெரிய கம்பனிகளின் இலச்சினைகளிலும் பல, வட்டத்தையும் சதுரத்தையும் வெட்டி ஒட்டியவைதான்.

இவை வெறும் அலங்காரமும் அல்ல. இந்தியாவிலிருந்து வருகின்ற உணவுப் பைக்கற்றுகளில் பச்சைச் சதுரக் கோட்டுக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். சைவ உணவு என்பதற்கு அது அடையாளம். அசைவத்துக்கு முன்னர் அதே இடத்தில் மண்ணிறப் புள்ளி இருந்தது. 2020 ஆம் ஆண்டின் லேபல் விதிகளில் அதை மண்ணிற முக்கோணியாக மாற்றினார்கள். பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுள்ளவர்களும் வட்டத்துக்கும் முக்கோணிக்கும் வித்தியாசம் கண்டு கொள்வார்கள் அல்லவா?

நமது நாட்டிலும் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் நிறத்தைப் பார்த்து விளங்கிக் கொள்கிறது. ஒரு சின்ன உருவத்துக்கு இருக்கின்ற பெறுமதி இதுதான்.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் உள்ள கொம்பியூட்டரில் பெயின்ட் இருக்கிறது. 1985 ஆம் ஆண்டு வந்த முதலாவது விண்டோசிலேயே அது இருந்தது. வட்டம், சதுரம், முக்கோணி எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிப் பொத்தான் உண்டு. ஒரு விலைச்சீட்டு எழுதுவதற்கு அது போதும். லேபல் என்று வரும் போது அதைவிடக் கொஞ்சம் பெரிய ஆயுதம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் திருட்டுப் பிரதி இறுவட்டைத் தேடுகிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் மென்பொருளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நமது கடையிலிருந்து ஒரு சவர்க்காரத்தை ஒருவன் பணம் கொடுக்காமல் எடுத்துச் சென்றால் சும்மா இருப்போமா? அடுத்தவனின் உழைப்பும் அப்படித்தான்.

அந்த வழிக்குப் போகத் தேவையும் இல்லை. கிம்ப் என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் 1995 இல் தொடங்கிய வேலை அது. பின்னர் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச் மாதம் வெளிவந்தது. நான் பழகியதும் இதில்தான்.

முதலில் அளவு, பிறகு அழகு

தையல்காரர் அளவெடுக்காமல் துணி வெட்டுவதில்லை. நான் வெட்டினேன். அதனால்தான் முட்டை வந்தது.

கொம்பியூட்டரில் உள்ள படம் சின்னச் சின்ன நிறப்புள்ளிகளால் ஆனது. பாயில் ஓலை பின்னியிருப்பது போல வரிசை வரிசையாக இருக்கும். இந்தப் புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனவே மூன்று அங்குலத்துக்கு 900 புள்ளிகள், இரண்டு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்.

இத்துடன் வெட்டுக்கூலியும் சேர்க்க வேண்டும். பணக்கூலி அல்ல, இடக்கூலி. அச்சகத்தில் நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரேயடியாக வெட்டும் போது கத்தி ஒரு மயிரளவு அங்குமிங்கும் போகத்தான் செய்யும். ஆகவே பின்னணி நிறத்தை ஒவ்வொரு பக்கத்திலும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், கூடுதலாக விட வேண்டும். அப்படிப் பார்த்தால் எனது லேபலுக்கு 975 புள்ளி நீளமும் 675 புள்ளி உயரமும் தேவை.

கிம்ப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் என் எழுத்தை அழுத்தினால் புதிய பக்கத்துக்கு அளவு கேட்கும். 975, 675 என்று போடுங்கள். அதற்குக் கீழே மேலதிகத் தெரிவுகள் என்ற இடத்தில் அங்குலத்துக்கு 300 என்று போடுங்கள். இதைச் செய்து விட்டால் பிறகு எதையும் இழுத்து நீட்டத் தேவை வராது.

வரைவது எப்படி?

கிம்ப்பில் வட்டத்துக்கு ஒரு பொத்தான், சதுரத்துக்கு ஒரு பொத்தான் என்று தேடி நான் ஒரு மணித்தியாலம் செலவழித்தேன். அப்படி இல்லை. அங்கே வேலை இரண்டு படி. முதலில் இடத்தைக் குறித்துக் கொள்வது, பிறகு அந்த இடத்துக்கு நிறம் பூசுவது. சுவரில் பெயர் எழுதுபவர் முதலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொள்வாரே, அது போல.

செவ்வகம்: கீபோட்டில் ஆர் எழுத்தை அழுத்துங்கள். மவுசை அழுத்திப் பிடித்துக் குறுக்காக இழுத்து விடுங்கள். எறும்பு ஊர்வது போல ஒரு புள்ளிக்கோடு தெரியும். அதுதான் குறித்த இடம். கன்ட்ரோலுடன் கமாவை அழுத்தினால் நீங்கள் தெரிவு செய்து வைத்திருக்கும் நிறம் அதற்குள் நிரம்பும். மூலைகள் கூராக இல்லாமல் வளைவாக வேண்டுமானால், இந்தக் கருவியின் தெரிவுகளில் வட்ட மூலை என்ற இடத்தில் சரி போட்டால் போதும்.

வட்டம்: ஈ எழுத்தை அழுத்துங்கள். இது நீள்வட்டக் கருவி. சும்மா இழுத்தால் முட்டைதான் வரும். மவுசை இழுக்கத் தொடங்கிய பிறகு ஷிப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது நீளமும் அகலமும் சமமாகி உண்மையான வட்டம் வரும். முதலில் மவுசை விட்டு, அதன் பின்னரே ஷிப்டை விட வேண்டும். இழுக்கத் தொடங்குவதற்கு முன்னரே ஷிப்டை அழுத்தினால் அது வேறு வேலை செய்யும். ஏற்கெனவே குறித்த இடத்துடன் புதிய இடத்தையும் சேர்த்து விடும். செவ்வகத்தைச் சதுரமாக்குவதும் இதே ஷிப்ட்தான். பெயின்ட்டிலும் ஷிப்டைப் பிடித்துக் கொண்டு வரைந்தால் வட்டமும் சதுரமும் கோணாமல் வரும். ஐயாயிரம் லேபலும் எனக்குக் கற்றுத் தந்தது இந்த ஒரு விசையைத்தான் என்றால் மிகையில்லை.

வட்டத்தைச் சரியாக நடுவில் வைக்க ஒரு வழி உண்டு. படம் என்ற பட்டியலில் வழிகாட்டிக் கோடு போடும் இடத்தில், நூற்றுக்கு 50 என்று குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் போடுங்கள. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மவுசை வைத்து இழுக்கத் தொடங்கி, ஷிப்டையும் கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடியுங்கள். கவராயத்தின் முள்ளை நடுவில் குத்தியது போல மையத்திலிருந்து வட்டம் விரியும்.

வளையம்: வட்டத்தைக் குறித்துச் சிவப்பு நிரப்புங்கள். தெரிவு என்ற பட்டியலில் சுருக்கு என்பதை எடுத்து 12 என்று கொடுங்கள். இப்போது உள்ளே குறித்திருக்கும் இடத்துக்கு வெள்ளை நிரப்புங்கள். ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் அழகான வளையம் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 12 புள்ளி என்பதுதான் கணக்கு.

முக்கோணி: எப் எழுத்தை அழுத்தி, மூன்று மூலைகளிலும் ஒவ்வொரு முறை தட்டி, தொடங்கிய மூலையில் மறுபடி தட்டி, என்டரை அழுத்துங்கள். பிறகு நிறம் நிரப்புங்கள். நட்சத்திரமும் இப்படித்தான். மூலைகள்தான் கூட.

கோடு: தூரிகையை எடுத்துத் தொடக்க இடத்தில் ஒரு தட்டு. ஷிப்டைப் பிடித்துக் கொண்டு முடிகின்ற இடத்தில் இன்னொரு தட்டு. நேர்கோடு விழும். கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் கோடு மட்டமாகவோ செங்குத்தாகவோ, அல்லது 15 பாகை கணக்கிலோ நிற்கும். கை நடுங்குகின்ற வயதில் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு வேலை முடிந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டுடனும் ஏ எழுத்தை அழுத்திக் குறித்த இடத்தை நீக்கி விடுங்கள். நீக்காவிட்டால், அடுத்து அந்த இடத்துக்கு வெளியே எங்கே தூரிகையை வைத்தாலும் நிறம் விழாது. மென்பொருள் பழுது என்று நினைத்து நான் இரண்டு முறை கொம்பியூட்டரை நிறுத்தித் தொடங்கியிருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்

எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்தால் ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்று கெடும். கிம்ப்பில் லேயர் என்று ஒரு வசதி இருக்கிறது. கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல. பின்னணி ஒரு தாளில், வட்டம் ஒரு தாளில், பெயர் ஒரு தாளில், விலை ஒரு தாளில் என்று வையுங்கள். விலை மாறும் போது அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். மிளகாய்த்தூள் லேபலில் வட்டத்தின் நிறத்தைச் சிவப்பிலிருந்து மஞ்சளாக்கினால் மஞ்சள்தூள் லேபல் தயார். எனக்கு உண்மையான இலாபம் கிடைத்தது இந்த இடத்தில்தான். ஒரு டிசைனில் ஆறு சாமான்களுக்கு லேபல் செய்து கொண்டேன்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் இடம் விட்டு வரையுங்கள். பெயர் ஒன்றுக்கு வட்டத்தைப் பெரிதாகப் போட்டு விட்டு, நிறை, விலை, திகதி, விலாசம் எல்லாவற்றையும் எறும்பளவு எழுத்தில் நெருக்குவது நமது லேபல்களில் அடிக்கடி காணும் குறை.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன்

ஓரத்தோடு ஒட்டிக் கரைக்கோடு போட வேண்டாம். கத்தி ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிவு என்று காட்டிக் கொடுத்து விடும். கோடு தேவையென்றால் வெட்டும் இடத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள். கோடே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

திரையில் தெரிவது வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சில் வருவது மை. இளநீலம், ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் நிறம் வருகிறது. ஆகவே திரையில் பளிச்சென்ற பச்சை கடதாசியில் மங்கித்தான் வரும். ஒரு மாதிரிப் பிரதி அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, பிறகு முழு ஓடருக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

கிம்ப்பில் சேமித்தால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எப். கோப்பாகத்தான் சேமிக்கும். தாள்கள் தனித்தனியாக இருப்பது அதில்தான். அதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். அச்சகத்துக்கு ஏற்றுமதி என்ற வழியில் பி.என்.ஜி. ஆக எடுத்துக் கொடுங்கள். ஜே.பி.ஜி. புகைப்படத்துக்கு நல்லது. ஆனால் வட்டத்தின் ஓரத்திலும் எழுத்தின் ஓரத்திலும் அழுக்குப் படிந்தது போலக் காட்டும்.

பெனருக்கு இது உதவாது

புதிய லேபல் நன்றாக வந்த உற்சாகத்தில் அதையே ஆறடிக்கு நாலடி பெனராக அடிக்கலாம் என்று போனேன். அங்கே வேலை செய்த தம்பி பார்த்து விட்டு, "நானா, இதப் பெருப்பிச்சா ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி வரும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 900 புள்ளிகளை ஆறடிக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு, பரப்பினால் ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டரைப் புள்ளிதான் மிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மில்லிமீற்றர் சதுரமாக நிற்கும். கிட்டே நின்று பார்ப்பவருக்கு வட்டத்தின் ஓரம் படிக்கட்டாகவே தெரியும்.

கிம்ப், போட்டோஷொப் போன்றவை படத்தைப் புள்ளிகளாக நினைவில் வைப்பதில் வல்லவை. அச்சகங்கள் இலச்சினைக்குப் பயன்படுத்தும் கொரல் ட்ரோ, இலஸ்ட்ரேட்டர் போன்றவை வேறு விதம். மையம் இங்கே, ஆரை இவ்வளவு என்று கணக்காக நினைவில் வைக்கும். எனவே முத்திரை அளவிலும் வரும், கட்டட அளவிலும் வரும், ஓரம் உடையாது. இந்த வகையிலும் இலவசமாக ஒன்று உண்டு. இன்க்ஸ்கேப் என்று பெயர், 2003 இல் தொடங்கியது. கடையின் நிரந்தர இலச்சினையை இந்த வழியில் செய்து கொள்ளுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கூலி கொடுத்துச் செய்வித்து, அந்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கூலி கொடுத்துச் செய்வித்து விட்டு மூலக் கோப்பு இல்லாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலவழிக்கின்ற வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்!

வரையக் கூடாதவை

கை பழகி விட்டால் எதையும் வரையலாம் என்று தோன்றும். மூன்றில் கவனம் தேவை.

ஒன்று, பார்கோட். பார்வைக்கு அது சில செவ்வகங்கள்தான். ஆனால் ஒவ்வொரு கோட்டின் தடிப்பும் ஒரு கணக்கு. இலங்கையில் வழங்கப்படும் இலக்கங்கள் 479 என்று தொடங்கும். அதை முறையாகப் பதிந்து பெற வேண்டும். இன்னொரு பைக்கற்றிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் சுப்பர் மார்க்கட் மெசினில் உங்கள் மிளகாய்த்தூள் யாரோ ஒருவரின் பிஸ்கட்டாகி விடும்.

இரண்டு, எஸ்.எல்.எஸ். முத்திரை. மூன்று, ஹலால் இலச்சினை. இரண்டையும் ஐந்து நிமிடத்தில் வரைந்து விடலாம். ஆனால் அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு பரிசோதனையும் ஒரு சான்றிதழும் இருக்கிறது. வாங்குபவர் நம்புவது வட்டத்தை அல்ல, அதற்குப் பின்னால் இருப்பதை. சான்றிதழ் இல்லாமல் அந்த வடிவத்தைப் போடுவது நிறுவையில் ஏமாற்றுவதற்குச் சமம்.

இன்றிரவே தொடங்கலாம்

எல்லா டிசைன் வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிசைன் செய்பவருக்கும் வயிறு இருக்கிறது. எனது பெனரையும் கடைப் போர்டையும் இன்றும் அவர்களிடம்தான் கொடுக்கிறேன். ஆனால் இப்போது அளவை நானே சொல்கிறேன், மூலக் கோப்பைக் கேட்கிறேன், மாதிரிப் பிரதி பார்க்கிறேன். தெரிந்து கொண்டு கூலி கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கடை பூட்டிய பிறகு ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். மூன்று அங்குலத்துக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு பக்கம், நடுவில் ஒரு வட்டம், அதற்குள் உங்கள் கடையின் பெயர். சாதாரணக் கடதாசியில் ஒரு பிரதி அடித்து, கத்தரித்து, பைக்கற்றில் ஒட்டித் தட்டில் வையுங்கள். நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். பெயர் வாசிக்க முடிகிறதா? வட்டம் வட்டமாக இருக்கிறதா? அடிமட்டத்தை எடுத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் அச்சகத்துக்குப் போங்கள்.

அந்த அடிமட்டத்தை நான் அன்று எடுத்திருந்தால் ஐயாயிரம் முட்டை லேபல் எங்களது மேல்மாடியில் இன்றும் கிடக்காது.